பாணும் பணிசும்: ஹம்பேர்கரின் வரலாறு

அரைத்த மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டி, சூடேறிய இரும்புத் தட்டில் வாட்டி, இரண்டு பாண் துண்டுகளுக்கிடையே வைத்து உண்ணும் உணவை ஹம்பேர்கர் என்பர். அதனை இல்லத்திலே ஆக்க முற்படும் ஒருவர் இறைச்சியைப் பற்றியே நெடுநேரம் சிந்திப்பார். எந்தப் பகுதி நல்லது, கொழுப்பு எவ்வளவு இருக்கவேண்டும், உப்பை முன்னரே இடுவதா பின்னர் இடுவதா என்றெல்லாம் ஆராய்வார். பாணைப் பற்றி மாத்திரம் அவருக்கு ஐயமே எழுவதில்லை. கடையில் அகப்பட்டது எதுவோ அதுவே போதும் என்று வாங்கி வந்துவிடுவார். மேசையில் அமர்ந்து முதல் வாய் கடித்ததும், அடிப்பாண் ஊறிக் கிழிந்து, இறைச்சி ஒரு பக்கமும் வெங்காயம் மறுபக்கமுமாக மடியில் விழும்போதுதான் பாணும் ஒரு பொருட்டு என்பது அவருக்குத் தோன்றும்.

இந்தச் சங்கடம் இன்று நேற்று உண்டானதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக அமெரிக்க நாட்டில் கடைக்காரரும் சமையற்காரரும் போறணைக்காரரும் இதனோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றனர். உற்று நோக்கினால் ஹம்பேர்கரின் வரலாறு என்பது இறைச்சியின் வரலாறே அன்று. இறைச்சியை அரைத்தும் கொத்தியும் உண்ணும் வழக்கம் பழைய உலகில் எங்கும் இருந்தது. அதைக் கையிலேந்தி நின்றபடியே உண்ணத்தக்க புதுப் பொருளாக மாற்றியது பாண் ஒன்றே. ஆகவே, எந்தப் பாண் என்ற கேள்வி அந்த உணவின் உயிர்நிலையைத் தொடும் கேள்வியாகும்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். ஈழத்துத் தமிழர் நாவில் வழங்கும் ‘பாண்’ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ‘பணிஸ்’ ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. இரண்டும் ஒரே கோதுமை மாவிற் பிறந்தவையே. ஆயினும் பாண் என்றால் அச்சில் இட்டுச் சுட்டு, பின்னர் துண்டுகளாக வெட்டப்படுவது. பணிஸ் என்றால் கையடக்கமாகத் தனித்தனியே உருட்டிச் சுடப்படுவது. இந்தச் சிறு வேற்றுமையே அமெரிக்க மாநிலங்கள் சில தமக்குள் வழக்காடும் அளவுக்கு வளர்ந்தது என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். அந்த வழக்கைப் பின்னர் காண்போம்.

பெயர் தந்த ஊர் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகம். எல்பே நதிக் கரையிலுள்ள அவ்வூரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல இலட்சம் மக்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். ஹம்பேர்க் நகரத்தையும் நியூயோர்க் நகரத்தையும் இணைத்த கப்பற் கம்பனி 1847ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க உணவுச்சாலைகளின் பட்டியல்களில் ‘ஹம்பேர்க் ஸ்டேக்’ என்றொரு பெயர் இடம்பெறலாயிற்று. கொத்திய அல்லது அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு சேர்த்து வாட்டித் தட்டில் வைத்துக் கொடுப்பர். உண்போர் கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்பர். அதிற் பாண் இல்லை. இருந்தாலும் பக்கத்தில் ஒதுங்கியே இருந்தது.

ஹம்பேர்க் நகரத்திலேயே ஒரு பழைய சிற்றுண்டி உண்டு. அவ்வூரார் தங்கள் கோதுமைப் பணிசை ‘வட்டத் துண்டு’ என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். அதை இரண்டாகப் பிளந்து, வாட்டிய இறைச்சியின் துண்டொன்றை வைத்து, மேலே சூடான குழம்பை ஊற்றுவர். ஹம்பேர்கரின் பாட்டன் இதுவே என்று சொல்வாரும் உளர். அங்ஙனம் உறுதியாகக் கூறுதற்குச் சான்று போதாது. இறைச்சி அரைத்ததன்று, குழம்பு ஊற்றிய பின் கையில் எடுத்து உண்ணவும் இயலாது. ஆனால் வட்டப் பணிசுக்குள் சூடான இறைச்சியை வைக்கும் எண்ணம் அம்மக்களுக்குப் புதியதாக இருந்திராது என்பதை மட்டும் இதிலிருந்து கொள்ளலாம்.

இரண்டு பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்து உண்ணும் முறைக்கு ‘சாண்ட்விச்’ என்ற பெயர் இங்கிலாந்தில் ஏற்பட்டது. நான்காவது சாண்ட்விச் பிரபுவான ஜோன் மொன்ரேகுவின் பெயரால் அது வழங்கலாயிற்று. உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கிபன் தமது நாட்குறிப்பில் 1762ஆம் ஆண்டிலேயே அச்சொல்லைக் குறித்திருக்கிறார். பிரபுவின் பெயர் பெற்ற அந்த உணவு குளிர்ந்த இறைச்சியை வைத்து உண்பதாகும். குளிர்ந்த இறைச்சியிலிருந்து சாறு ஒழுகாது. ஆதலால் எந்தப் பாணும் அதற்குப் பொருந்தியது. சூடான, கொழுப்புச் சொட்டும், அரைத்த இறைச்சியை அதே பாணுக்குள் வைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

முதலில் அவ்வாறு வைத்தவர் யார்? இதற்கு விடை கூற முன்வருவோர் பலர். விஸ்கொன்சின் மாநிலத்துச் சீமோர் என்னும் ஊரார், 1885இல் சாளி நகிறீன் என்ற இளைஞன் தங்கள் சந்தையில் இறைச்சி உருண்டை விற்றதாகவும், மக்கள் நடந்துகொண்டே உண்ண வசதியாக அதைத் தட்டையாக்கிப் பாண் துண்டுகளுக்கிடையே வைத்ததாகவும் கூறுவர். அதே 1885இல் நியூயோர்க் மாநிலத்து ஹம்பேர்க் என்னும் ஊர்ச் சந்தையில், பன்றியிறைச்சி தீர்ந்துபோனமையால் மாட்டிறைச்சியை வைத்து விற்றவர்கள் மென்செஸ் சகோதரர் என்பது இன்னொரு கதை. டெக்சாஸ் மாநிலத்து அதென்ஸ் என்னும் ஊரார் பிளெச்சர் டேவிஸ் என்பவரைக் காட்டி, 1904ஆம் ஆண்டின் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அதை உலகறியச் செய்தவர் அவரே என்பர். சந்தையில் விற்ற உணவுக்குப் பற்றுச்சீட்டு எழுதிவைத்தவர் எவருமில்லை. சந்தை கலைந்ததும் சான்றும் கலைந்துவிட்டது. 1890களின் அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே ‘ஹம்பேர்கர் ஸ்டேக் சாண்ட்விச்’ என்ற தொடர் அச்சாகியிருப்பதைப் பார்த்தால், பல ஊர்களில் பலர் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதைச் செய்திருக்கவேண்டும் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இந்தப் போட்டியில் ஒக்லஹோமா மாநிலம் எழுப்பிய வாதந்தான் சுவையானது. துல்சா என்னும் ஊருக்கு அருகில் ஒஸ்கார் வெபர் பில்பி என்ற விவசாயி 1891ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி, நாட்டின் சுதந்திர தினக் கொண்டாட்டத்தின்போது, தாமே செய்த இரும்புத் தட்டில் இறைச்சியை வாட்டினார் என்றும், அவர் மனைவி தம் கையால் மதுவம் இட்டுச் சுட்ட பணிசுக்குள் அது வைக்கப்பட்டது என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்தனர். 1995ஆம் ஆண்டில் அம்மாநில ஆளுநர் பிராங் கீற்றிங் ஒரு பிரகடனம் வெளியிட்டு, பணிசில் வைத்த முதல் உண்மையான ஹம்பேர்கர் இதுவே என்று அறிவித்தார். மற்றவர்கள் வைத்தது பாண் துண்டுகளில். பாண் துண்டில் வைத்தது ஹம்பேர்கர் ஆகாது. பணிசில் வைத்ததே ஹம்பேர்கர் என்பது அவ்வறிவிப்பின் சாரம். 1891இல் ஒக்லஹோமா என்றொரு மாநிலமே இருக்கவில்லை. அது மாநிலமானது 1907இல். துல்சா அப்போது செவ்விந்தியருக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் இருந்தது. இருந்தும் பிரகடனம் பிரகடனமே. 2007ஆம் ஆண்டில் டெக்சாஸ் சட்டசபையும் தன் பங்குக்கு அதென்ஸ் நகருக்கு உரிமை கொண்டாடித் தீர்மானம் நிறைவேற்றியது.

குடும்பத்தார் சொல்லுக்கு ஆவணச் சான்று இல்லை என்பது உண்மை. ஆனால் அக்கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மற்றக் கதைகளிலெல்லாம் புகழ் இறைச்சி வாட்டிய ஆண்மகனுக்கே உரியது. பாண் எங்கிருந்து வந்தது, யார் சுட்டார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த ஒரு கதையில்தான் மா பிசைந்த பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு.

பணிசுக்கு எதிர்க்கட்சியும் உண்டு. கொனெக்ரிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் லூயிஸ் லாசென் என்பவர் 1895இல் ஓர் உணவு வண்டியைத் தொடங்கினார். 1900ஆம் ஆண்டில் அவசரமாக வந்த ஒருவர், போகும் வழியில் உண்ண ஏதாவது தாரும் என்று கேட்க, அரைத்த இறைச்சியை வாட்டி, வாட்டிய பாண் துண்டுகள் இரண்டுக்கிடையே வைத்துக் கொடுத்தார் என்பது அக்குடும்பத்தின் வரலாறு. ‘லூயிஸ் லஞ்ச்’ என்னும் அந்தச் சிறு செங்கற் கடை தலைமுறை தலைமுறையாக அவர் வழியினராலேயே நடத்தப்பட்டு வருகிறது. அங்கே இறைச்சியைத் தட்டில் வாட்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யப்பட்ட வார்ப்பிரும்பு அடுப்புகளில் இறைச்சியை நிமிர்த்தி நிற்கவைத்து, இரண்டு பக்கமும் ஒருங்கே சுடுவர். பாற்கட்டி, தக்காளி, வெங்காயம் ஆகிய மூன்றுக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. தக்காளிச் சோசும் கடுகும் அங்கே விலக்கப்பட்டவை. பணிசும் அப்படியே.

இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. அடுப்பின் அமைப்பையும் பாணையும் சேர்த்துப் பார்த்தால் அதிலுள்ள அறிவு விளங்கும். இறைச்சி நின்றபடி வேகும்போது உருகும் கொழுப்பு கீழே வடிந்துவிடுகிறது. ஆகவே பாணுக்கு வந்து சேரும் ஈரம் குறைவு. பாணை முன்னரே வாட்டியிருப்பதால் அதன் மேற்பரப்பு உலர்ந்து இறுகிவிடுகிறது. எஞ்சிய சாறு உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். சோஸ் இல்லாமையால் வேறு நனைவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் சாதாரண வெள்ளைப் பாண் அங்கே தாங்குகிறது. ஒன்றை நீக்கிவிட்டால் மற்ற இரண்டும் பயன்படா. அடுப்பையும் சோஸ் விலக்கையும் விட்டுவிட்டுப் பாணை மட்டும் பின்பற்றுபவர் மடியில் வெங்காயம் விழுவதைத் தவிர்க்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அரைத்த இறைச்சிக்கே கெட்ட காலம் வந்தது. அப்டன் சிங்கிளேயர் என்ற எழுத்தாளர் சிக்காகோ இறைச்சிக் கொட்டில்களின் அழுக்கையும் தொழிலாளரின் துயரையும் வெளிப்படுத்தி எழுதிய நாவல் 1906இல் வெளியாயிற்று. நாடே திடுக்கிட்டது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் கையொப்பமாயிற்று. முழுத் துண்டாக உள்ள இறைச்சியைக் கண்ணால் பார்த்தறியலாம். அரைத்ததில் என்ன கலந்திருக்கிறது என்று யார் காண்பது? கண்காட்சியிலும் தொழிற்சாலை வாசலிலும் விற்கும் ஏழைகளின் உணவு என்று ஹம்பேர்கரை நடுத்தர வகுப்பார் ஒதுக்கினர். முதலாம் உலகப் போர் மூண்டபோது, ஜேர்மன் பெயர் என்பதற்காக அதன் பெயரையும் சிலர் ஒதுக்கி, ‘சுதந்திர ஸ்டேக்’ என்று அழைத்துப் பார்த்தனர். அப்பெயர் நிலைக்கவில்லை.

இந்த அவப்பெயரைத் துடைத்தவர்கள் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரத்தவர் இருவர். வால்ரர் அண்டர்சன் என்பவர் சமையற்காரர். 1916ஆம் ஆண்டில் பழைய ட்ராம் வண்டியொன்றைக் கடையாக மாற்றி ஹம்பேர்கர் விற்கத் தொடங்கினார். அன்றைய வழக்கப்படி கனத்த உருண்டையாக நெடுநேரம் வேகவைக்காமல், இறைச்சியை மெல்லிய தட்டையாக அழுத்தி, வெங்காயத்தோடு அதிக சூட்டில் விரைவாக வாட்டினார். பாண் துண்டுகளைக் கைவிட்டுப் பணிசை எடுத்துக்கொண்டதும் அவரே என்பர். சாதாரண பாண் மாவிலும் சற்றுக் கனமான மாவிற் சுட்ட சிறு பணிஸ் அது. வெந்துகொண்டிருக்கும் இறைச்சியின்மேல் அப்பணிசை வைப்பர். கீழிருந்து எழும் ஆவியும் வெங்காய மணமும் பணிசினுள் ஏறி அதை மென்மையாக்கும். நியூ ஹேவனில் பாணை உலர்த்தி ஈரத்தைத் தடுத்தார்கள். விச்சிட்டாவில் பணிசுக்கு ஈரத்தை ஊட்டி அதையும் உணவின் சுவையோடு ஒன்றாக்கினார்கள். ஒரே சிக்கலுக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விடைகள்; இரண்டும் சரியானவை.

1921ஆம் ஆண்டில் பில்லி இங்கிரம் என்ற வர்த்தகர் அண்டர்சனோடு கூட்டுச் சேர்ந்தார். எழுநூறு டொலர் கடன் பெற்றுத் தொடங்கிய கடைக்கு ‘வெள்ளைக் கோட்டை’ என்று பொருள்படும் ‘வைற் காசில்’ எனப் பெயரிட்டனர். வெண்மை தூய்மையைக் காட்டும். கோட்டை உறுதியைக் காட்டும். சமையல் வாடிக்கையாளர் கண்முன்னே நடந்தது. ஒன்றின் விலை ஐந்து சதம். பைபையாக வாங்கிச் செல்லுங்கள் என்பதே அவர்கள் விளம்பரம். பைபையாக வாங்கிச் செல்லவேண்டுமானால் எது வேண்டும்? வீடு சேரும்வரை குலையாத பணிஸ் வேண்டும்! எல்லாக் கடைகளிலும் ஒரே அளவும் ஒரே மென்மையும் கொண்ட பணிஸ் கிடைக்கவேண்டும் என்பதற்காக அவர்கள் தமக்கென்றே பேக்கரிகளும் அமைத்தனர். 1930ஆம் ஆண்டில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனைக்கும் இங்கிரம் ஏற்பாடு செய்தார். மருத்துவ மாணவன் ஒருவன் பதின்மூன்று வாரம் அவர்கள் கடை ஹம்பேர்கரையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் உண்ணாமல் இருந்தான். நலமாகவே இருந்தான் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு மாணவனைக் கொண்டு ஓர் உணவின் தகுதியை நிலைநாட்டியதாகக் கொள்வது அறிவியலைவிட விளம்பரத்துக்கே அணுக்கமானது. எனினும் அரைத்த இறைச்சியின்மேல் இருந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை அப்பரிசோதனை காட்டுகிறது.

பணிஸ் வென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது வடிவம் பற்றியது. இறைச்சித் தட்டை வட்டமானது. அச்சுப் பாணின் துண்டு சதுரமானது. நான்கு மூலைகளிலும் வெறும் பாணே வாயில் அகப்படும். மேலும், வெட்டிய பாணுக்கு நாற்புறத்தில் ஒரு மெல்லிய ஓரம் மாத்திரமே காவல். அதன் முகம் இரண்டும் திறந்தவை. உள்முகத்தால் இறங்கிய சாறு வெளிமுகத்தால் வெளிவந்து கையை நனைக்கும். பணிசுக்கோ வெளிப்புறம் முழுவதும் தோல் இருக்கிறது. பிளந்த உள்முகம் சாற்றைக் குடிக்கும். வெளித்தோல் அதை வெளியே விடாது. இதைவிடச் சிறந்த ஏனம் உணவுப்பொருள்களில் அரிது.

இதற்கிடையே பாண் துண்டுக்கும் ஒரு பொற்காலம் வந்தது. நகைத் தொழில் செய்துவந்த ஒட்டோ றொவெடர் என்பவர் பாணை வெட்டும் இயந்திரமொன்றை அமைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1917இல் நேர்ந்த தீயில் அவருடைய மாதிரி எரிந்துபோயிற்று. மனந்தளராது மீண்டும் அமைத்தார். 1928ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் திகதி, மிசூரி மாநிலத்துச் சில்லிகொத் நகரத்து பேக்கரியொன்று இயந்திரத்தால் வெட்டிய பாணை முதன்முதலாக விற்றது. சில ஆண்டுகளுள் நாடெங்கும் அது பரவியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 ஜனவரி 18ஆம் திகதி, வெட்டிய பாணை விற்கலாகாது என்று அரசாங்கம் தடை செய்தது. வெட்டிய பாண் உலராதிருக்கக் கனத்த மெழுகுக் கடதாசி வேண்டியிருந்தது ஒரு காரணம். இல்லத்தரசிகள் கொதித்தெழுந்தனர். மார்ச் 8ஆம் திகதி தடை நீங்கிற்று. போர்முனைச் செய்திகளுக்கிடையே பாண் வெட்டும் கத்தி ஏழு வாரம் அரசியற் பொருளாக இருந்தது. ஆயினும் இத்தனை மலிவாகவும் எளிதாகவும் வெட்டிய பாண் கிடைத்தபோதும் ஹம்பேர்கர் பணிசை விட்டு அதனிடம் திரும்பவில்லை.

பணிசிலும் மாற்றங்கள் நேர்ந்தன. கலிபோர்ணியாவின் கிளென்டேல் நகரில் பத்து இருக்கைகள் மட்டுமே கொண்ட சிறு கடையை நடத்திய பொப் வையன் என்பவரிடம், 1937ஆம் ஆண்டில் இசைக்குழு ஒன்றின் வாத்தியக்காரர் புதிதாக ஏதாவது தருமாறு கேட்டனராம். அவர் எள் தூவிய பணிசொன்றை எடுத்து இரண்டாக அன்றி மூன்றாக வெட்டி, இரண்டு இறைச்சித் தட்டைகளுக்கு நடுவே ஒரு துண்டைச் செருகிக் கொடுத்தார். வேடிக்கையாகத் தொடங்கிய அதுவே அவருக்குச் செல்வம் தந்தது.

எள்ளைப் பற்றி ஒரு சொல். தமிழரின் ‘எண்ணெய்’ என்னும் சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து பிறந்தது; அத்துணைப் பழைமையான உறவு அது. அமெரிக்காவுக்கு அவ்வித்து வந்த வழி துயரமானது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க மக்களோடு அது தென் மாநிலங்களுக்குச் சென்றது. அவர்கள் இட்ட பெயராலேயே கரோலினாப் பகுதியில் இன்னும் அழைக்கப்படுகிறது. தோமஸ் ஜெபர்சன் அதன் எண்ணெயைப் புகழ்ந்து 1808இல் கடிதம் எழுதியிருக்கிறார். பணிசின் முதுகில் அது ஒட்டிக்கொண்டிருப்பது அழகுக்காக என்றே பலர் எண்ணுவர். போறணையின் சூட்டில் வறுபட்டு அது தரும் மணம் மென்மையான வெள்ளைப் பணிசுக்கு இல்லாத ஒன்றைத் தருகிறது.

சான் பெர்னடினோ நகரில் மக்டொனால்ட் சகோதரர் 1948இல் வகுத்த விரைவுமுறையும், றே கிறொக் என்பவர் 1955இல் சிக்காகோவுக்கு அருகே திறந்த கடையும் உலகறிந்தவை. அவற்றை இங்கு விரிக்கவேண்டியதில்லை. பணிசைப் பற்றிய ஒரு செய்தி மட்டும் குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் பணிசுகள் நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாகவும், முழுவதும் பிளக்கப்படாமலும் வந்தன. கடைப் பையன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிளக்கவேண்டும். தனித்தனியாகவும் முழுதாக வெட்டியும் அனுப்புமாறு ஏற்பாடு செய்ததால் எவ்வளவு நேரம் மிஞ்சியது என்பதைக் கிறொக் தமது வாழ்க்கை நூலில் விவரித்திருக்கிறார். பணிசின் வளைவிலும் மென்மையிலும் அழகு காணலாம் என்று எழுதியவரும் அவரே. சில சதங்களைக் கணக்கிட்ட கண்ணுக்கு அழகும் தெரிந்திருந்தது!

அதே நிறுவனத்தில் 1967இல் நடந்தது இன்னும் பொருத்தமான செய்தி. பென்சில்வேனியாவில் கடைகள் நடத்திய ஜிம் டெலிகாற்றி என்பவர் இரண்டு தட்டை கொண்ட பெரிய ஹம்பேர்கர் ஒன்றை விற்க அனுமதி கேட்டார். வழக்கமான பணிசையே பயன்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு நிறுவனம் இணங்கியது. அவரும் முயன்றார். பணிஸ் சிறிது, உள்ளடக்கம் பெரிது, எல்லாம் சரிந்து விழுந்தன. பின்னர் உள்ளூர்ப் போறணைக்காரர் ஒருவரிடம் எள் தூவிய பெரிய பணிசை வாங்கி மூன்றாக வெட்டினார். யூனியன்ரவுண் என்னும் சிற்றூரில் தொடங்கிய அந்த விற்பனை அடுத்த ஆண்டே நாடு முழுவதும் பரவிற்று. ‘பிக் மாக்’ என்ற அதன் பெயரை அறியாத நாடு இன்று குறைவு. இறைச்சி மாறவில்லை, பணிஸ் மாறியதும் பொருள் நிலைத்தது.

இந்த வரலாற்றை நினைவிற் கொண்டு இல்லத்துக் குசினிக்குத் திரும்பினால், தேர்வு அவ்வளவு கடினமன்று. முதலாவது மென்மை. மேலோடு மொறுமொறுப்பான பாணைக் கடிக்கப் பல்லுக்கு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் இறைச்சியைப் பின்புறத்தால் வெளியே தள்ளிவிடும். மென்மை மாத்திரம் போதாது, சிறிது வலுவும் வேண்டும். மா பிசையும்போது பால், முட்டை, பட்டர், கொஞ்சம் சீனி ஆகியவற்றைச் சேர்த்தால் இந்த இரண்டும் ஒருங்கே அமையும். கொழுப்பு மாவின் இழைகளைத் தளர்த்தி மென்மை தருகிறது. முட்டை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அவித்து மசித்த உருளைக்கிழங்கைக் கோதுமை மாவோடு சேர்த்துச் சுடும் பணிசும் மிக நல்லது. கிழங்கின் மாப்பொருள் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அது மறுநாளும் மென்மையாகவே இருக்கும். பென்சில்வேனியாப் பகுதியில் இவ்வகைப் பணிஸ் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. பிரெஞ்சுக்காரரின் பிரியோஷ் என்னும் பட்டர் மிகுந்த பணிசை இந்த நூற்றாண்டில் உயர்தர உணவுச்சாலைகள் ஹம்பேர்கருக்குப் பயன்படுத்தத் தொடங்கின. பார்வைக்கு மினுக்கமாக இருக்கும். ஆனால் கொழுத்த இறைச்சிக்குக் கொழுத்த பணிஸ் பொருத்தமான துணையன்று. தேனீருடன் தனியே உண்ணவேண்டிய பண்டத்தை இறைச்சிக்குக் காவல் வைப்பது போன்றது அது.

அளவும் முக்கியம். இறைச்சி வேகும்போது சுருங்கும். ஆதலின் பச்சைத் தட்டை பணிசிலும் விரல் அகலம் பெரிதாக இருக்கவேண்டும். வீட்டிலே பணிஸ் சுடுவோர் உருண்டைகளை உள்ளங்கையால் சற்று அழுத்தித் தட்டையாக்கிப் பொங்கவிடுவது நல்லது. இல்லையேல் கோபுரம் போல் உயர்ந்து வாய்க்குள் அடங்காது. பிளக்கும்போது அடிப்பாகம் மெலிந்துவிடாதபடி நடுவிலே பிளக்கவேண்டும், ஏனெனில் சாறு முழுவதும் இறங்குவது அடிப்பாகத்துக்கே. பிளந்த முகங்களில் பட்டர் பூசி, இரும்புத் தட்டில் கவிழ்த்துப் பொன்னிறமாக வாட்டிக்கொள்ளவேண்டும். நியூ ஹேவன் கடையின் அறிவு இங்கே பணிசுக்குக் கைகொடுக்கிறது. மிஞ்சிய பணிசைக் குளிர்ப்பெட்டியின் சாதாரண அறையில் வைப்பது பலரும் செய்யும் தவறு. அந்தக் குளிரில் மாப்பொருள் விரைந்து இறுகி, வெளியே வைத்ததைவிட முன்னதாகவே பணிஸ் வறண்டுபோகும். ஒன்றிரண்டு நாளைக்கு மூடிய பெட்டியிலும், அதற்கு மேலென்றால் உறைகுளிரிலும் வைக்கலாம்.

பணிஸ் அகப்படாத வேளையில் அச்சுப் பாணே கைகொடுக்கும். அப்போது துண்டுகளைச் சற்றுத் தடிப்பாக வெட்டி, நன்றாக வாட்டி, சோசைத் தவிர்த்து, கொழுப்பு வடிந்த இறைச்சியை வைத்தாற் போதும். நியூ ஹேவன் நகரத்துக் கடையை நகர அபிவிருத்திக்காக இடிக்க முற்பட்டபோது, கட்டடத்தை அப்படியே பெயர்த்து 1975ஆம் ஆண்டில் கிறவுண் வீதிக்குக் கொண்டுசென்றனர். புதிய இடத்தில் சுவர்களைக் கட்டி முடிக்க, அன்பர்கள் பல திசைகளிலிருந்தும் செங்கற்கள் கொண்டுவந்து கொடுத்தனர். பழைய அடுப்புகள் மூன்றும் கூடவே சென்றன. அங்கே இன்றும் வெள்ளைப் பாணை வாட்டி, இரண்டு துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்துக் கொடுக்கிறார்கள். பணிஸ் கேட்பவருக்கு இல்லை என்றே விடை கிடைக்கிறது.